வேலைக்குப் போன பயோடேட்டா

தணிகைவேலின் பயோடேட்டா வேலைக்குப் போக ஆரம்பித்தது ஓர் ஆவணி மாதத் திங்கட்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு வரும் கம்பெனி பஸ், இடது பக்கம், ஜன்னலோர சீட்டு. தணிகைவேல் போகவில்லை. அவன் கூளம்பேடு ஸ்டாப்பில் நின்று, பஸ் ஏரிக்கரை திரும்பும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அந்தத் தாளை அடித்துக் கொடுத்தவன் நான். அதனால் ஆளாளுக்கு என் கடை வாசலில் வந்து நின்று ஏன், எப்படி என்று கேட்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. எப்படி என்பதை மட்டும் ஒரு தடவை சொல்கிறேன்.

கூளம்பேட்டில் ஜெராக்ஸ் கடை என்று இருப்பது என்னுடையது ஒன்றுதான். பட்டா மனு, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அடிப்பேன். ஏரிக்கு அந்தப் பக்கம் கார் கண்ணாடி செய்கிற கம்பெனி வந்த பிறகு பயோடேட்டாதான் அதிகம். முதல் பயோடேட்டாவைப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே மாற்றலாகி வந்திருந்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் பையனுக்கு அடித்தேன். அவனே இங்கிலீஷில் அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தான். அந்த ஃபைலை நான் அழிக்கவில்லை. அடுத்து வந்தவனுக்கு அதையே திறந்து பேரை மாற்றினேன், அப்பா பேரை மாற்றினேன், படிப்பை மாற்றினேன், அச்சடித்தேன். அதற்கடுத்தவனுக்கு அதன் மேலேயே. அதற்கடுத்தவனுக்கும் அதன் மேலேயே. ஊருக்கே ஒரு ஃபைல்தான்.

பேரும் ஊரும் மாறும். மற்றது மாறாது. நோக்கம்: தங்கள் மேலான நிறுவனத்தின் வளர்ச்சிக்காக என்னை முழுமையாக அர்ப்பணித்தல். பலம்: கடின உழைப்பு, நேரம் தவறாமை. அறிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம், இந்தி. பொழுதுபோக்கு: செஸ். கூளம்பேட்டில் செஸ் ஆடத் தெரிந்தவன் ஒருத்தன் கிடையாது, செஸ் அட்டையே கிடையாது, ஆனால் இந்த ஊரிலிருந்து வேலை கேட்டுப் போன அத்தனை பேரும், ஆடு மேய்த்தவன், சென்ட்ரிங் அடித்தவன், டிராக்டர் ஓட்டினவன், எல்லோரும் பத்தொன்பது வருஷமாகச் செஸ் ஆடுகிறவர்கள். எந்தக் கம்பெனிக்காரனும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. படித்தால்தானே கேட்பான்.

தணிகைவேல் பச்சையம்மாளின் ஒரே பிள்ளை. பிளஸ் டூவில் கணக்கு போய்விட்டது. திரும்ப எழுத வேண்டிய வருஷத்தில் அப்பனுக்கு கிட்னி போய், வாரம் இரண்டு நாள் அவரைத் தாங்கிப் பிடித்து ரயிலில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதிலேயே நாலு வருஷம் ஓடிற்று. அவர் செத்த பிறகு கல்யாணப் பந்தியில் தண்ணீர் ஊற்றினான். செருப்புக் கம்பெனி ஒன்றில் ஏழு மாதம் இருந்தான். அது மூடிவிட்டது. பிறகு கிடைத்ததைச் செய்தான், கிடைக்காதபோது சும்மா இருந்தான். கண்ணாடிக் கம்பெனியில் முப்பது வயசுக்கு மேல் பர்மனென்ட்டாக எடுக்க மாட்டார்கள். அவனுக்கு முப்பது முடிய நாற்பது நாள் இருந்தது. அதற்குள் உள்ளே போனால் உண்டு, இல்லாவிட்டால் இந்த ஜன்மத்துக்குப் பந்தியும் தண்ணீர் ஜக்கும்தான். அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

"பெரியப்பா, ஒரு பயோடேட்டா."

"படிப்பு?"

"பிளஸ் டூ."

"பாஸா?"

"ஒண்ணு போச்சு."

"அனுபவம்?"

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"சீக்கிரம் சொல்லுடா, கரண்ட் போயிடும்."

"செருப்புக் கம்பெனி ஏழு மாசம். அப்புறம் பந்தியில தண்ணி."

"தண்ணி ஊத்துனதையெல்லாம் போட முடியாது."

"அப்போ பக்கம் ரொம்பலையே பெரியப்பா. அரைப் பக்கத்தை எடுத்துக்கினு போனா ஆளை மேலயும் கீழயும் பார்ப்பாங்க."

"ரொம்பும். பேசாம இரு."

ஃபைலில் இருந்த எதையும் நான் எடுக்கவில்லை. நோக்கத்தை விட்டேன், பலத்தை விட்டேன், இந்தியை விட்டேன், செஸ்ஸை விட்டேன். பக்கம் நிறைந்துவிட்டது. பிறந்த தேதி மட்டும் வேண்டாம் என்றான். தேதி பார்த்தால் நாற்பது நாள்தான் பாக்கி என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். வயது: 29 என்று மட்டும் அடித்தேன். போட்டோவை ஒட்டி, கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனான். வீட்டில் பச்சையம்மாள் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் கீழே ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் கொடுத்தனுப்பினாள்.

இன்டர்வியூவில் நடந்ததை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எச்.ஆர். மேடம் தாளை வாங்கி மேஜைமேல் வைத்தார். இவனைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே, "செஸ் ஆடுவீங்களா?" என்று கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அந்த வரியைப் படித்த முதல் ஆள் அந்த அம்மாள்தான். இவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தாள் மேஜையிலிருந்து எழுந்து, எதிரே காலியாக இருந்த நாற்காலியில் போய் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. மேடம் அடுத்ததை இந்தியில் கேட்டார். அதற்கும் பதில் வந்தது. தாளுக்கு ஏது வாய் என்று கேட்காதீர்கள். படிக்கிறவனுக்குப் பதில் கிடைக்கும், தாள் என்றாலே அப்படித்தான். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் நின்றுகொண்டிருந்தான்.

"செலக்டட்," என்றார் மேடம்.

"தேங்க்ஸ் மேடம்."

"உங்களை இல்லைங்க. இதை."

"அது என்னோட பயோடேட்டாதான் மேடம்."

"ஆமா, நல்லா இருக்கு. அதான் எடுத்துக்கிட்டோம். திங்கக்கிழமை ஜாயினிங்."

"அப்போ நான்?"

மேடம் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாராம். "உங்களுக்கு ஏதாவது வேகன்சி வந்தா கண்டிப்பா சொல்றோம். இதை வழியில மடக்காம கொண்டுபோங்க."

திங்கட்கிழமை காலை ஸ்டாப்பில் பதினாலு பேர் நின்றார்கள், பதினைந்தாவதாகத் தாள் நின்றது. காற்று அடித்தது. செக்கிங் செக்‌ஷன் பொண்ணு ஒருத்தி துணி காயப்போடும் கிளிப் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துத் தாளின் காலில் மாட்டிவிட்டாள். பஸ் வந்தது. டிரைவர் ஏகாம்பரம் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இன்னாபா இது?"

"புது ஸ்டாஃப்."

"ஏறச் சொல்லு. நேரமாவுது."

அவ்வளவுதான். இந்த ஊர் எதற்கும் அதற்கு மேல் மலைத்து நின்றதில்லை. ஏரியை அளந்து கல் நட்டபோது மலைக்கவில்லை, ஏரிக்குள் கட்டடம் எழும்பியபோது மலைக்கவில்லை, இதற்கா மலைக்கப் போகிறது? முதல் வாரம் கூட்டம் கூடி நின்று பார்த்தார்கள், இரண்டாம் வாரம் பல் விளக்கிக்கொண்டே பார்த்தார்கள், மூன்றாம் வாரம் பார்க்கவில்லை. ஜன்னலோர சீட்டு அதனுடையது என்று ஆயிற்று, காற்றில் பறந்துவிடாமல் பக்கத்து சீட்டுக்காரன் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும் என்று ஆயிற்று, மழைக் காலத்துக்கு லேமினேஷன் போடலாமா என்று டீக்கடையில் பேச்சு வந்து, போட்டால் மூச்சு முட்டும், பிளாஸ்டிக் கவரே போதும் என்று ஏகாம்பரம் சொல்ல அதுவே முடிவாயிற்று, ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிக்காரர் துணி போட்டு மூடி இளஞ்சூட்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுப்பது என்று ஆயிற்று, அதற்கு அவர் ஒன்றும் வாங்கிக்கொள்வதில்லை என்றும் ஆயிற்று.

பச்சையம்மாள் தினமும் நாலு மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டினாள். சாயங்காலம் அது கட்டினபடியே திரும்பி வரும். தணிகைவேல் அதைத் தின்றான். நாலு மணிக்குச் செய்த எலுமிச்சைச் சாதத்தை ராத்திரி ஏழு மணிக்குத் தின்பதுதான் அவனுக்கு அந்த வேலையில் கிடைத்தது.

தாள் ஒழுங்காக வேலை செய்தது. நேரம் தவறவில்லை, லீவு போடவில்லை, சங்கம் கேட்கவில்லை, பீடி பிடிக்க வெளியே போகவில்லை. நோக்கம் என்று எழுதியிருந்த அந்த வரியை இந்த ஊரில் அதுவரை யாரும் நம்பி எழுதியதில்லை. தாள் நம்பிவிட்டது போலிருக்கிறது. சம்பளம் தவறாமல் பேங்கில் விழுந்தது, ஒழுகிக்கொண்டிருந்த கூரைக்கு ஷீட் போட்டார்கள். தணிகைவேலிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. அதனால் யாரிடமும் போய் முறையிடவும் வழியில்லை.

என் கடையில்தான் தொல்லை. இருபது, முப்பது பையன்கள் வரிசையில் வந்து நின்று, தணிகைவேலுக்கு அடித்த மாதிரியே அடி என்றார்கள். அடித்தேன். அதே ஃபைல், அதே செஸ், அதே இந்தி. மூலையில் மஞ்சள் தடவினார்கள், மலையேறிப் போய் முருகன் காலடியில் வைத்து எடுத்து வந்தார்கள், ஒருத்தன் தன் தாளை எழுப்பி உட்காரவைக்க முதுகுக்கு அட்டை கொடுத்துக்கூடப் பார்த்தான். ஒன்றும் எழவில்லை. தணிகைவேலின் தாளையே ஜெராக்ஸ் எடுத்தேன். ஜெராக்ஸ் படுத்தே கிடந்தது. தாள்களுக்குள்ளும் வேலை கிடைப்பது ஏதோ ஒன்றுக்குத்தான். போங்கடா என்று அனுப்பிவிட்டேன்.

புரட்டாசியில் அவனுக்கு முப்பது முடிந்தது. அன்றைக்கும் காலையில் ஸ்டாப்புக்கு வந்து அதை ஏற்றிவிட்டு, போகும்போது என் கடையில் நின்றான்.

"முடிஞ்சுபோச்சு பெரியப்பா."

"என்ன முடிஞ்சுது?"

"நாப்பது நாள்."

பிரின்டரில் மை தீர்ந்திருந்தது, அதை மாற்றிக்கொண்டிருந்தேன். தாளுக்கு இருபத்தொன்பதுதான். அதற்கு என்றைக்கும் இருபத்தொன்பதுதான். நான்தான் அடித்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. கவருக்குள் தண்ணீர் இறங்கி, தாள் நனைந்து, போட்டோ ஒருபக்கம் ஊறிப்போய் வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலை பச்சையம்மாள் அதை அடுப்படியில் மணைமேல் விரித்து விசிறிக்கொண்டிருக்கும்போது, தணிகைவேல் சத்தம் காட்டாமல் சட்டை போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஐந்து நாற்பது பஸ்ஸில் ஏறிவிட்டான். ஏகாம்பரம் ஏறவிட்டார். ஆனால் ஜன்னலோர சீட்டில் உட்கார விடவில்லை. "அது அவரு சீட்டுபா. நீ பின்னாடி போ," என்றார். கம்பெனி கேட்டில் விரல் வைக்கும் மெஷின் இருந்தது. வைத்தான். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு.

"யாருப்பா நீ?" என்றார் வாட்ச்மேன்.

"நான்தான் தணிகைவேல்."

"தணிகைவேல் சாரை எனக்குத் தெரியாதா? தினம் நான்தானே வணக்கம் வைக்கிறேன். அவருக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல. அவங்க அம்மா இப்பதான் போன் பண்ணிச் சொன்னாங்க."

ஏழு கிலோமீட்டர் மழையில் நடந்து வந்தான். வீட்டில் பச்சையம்மாள் தாளைத் துணி நடுவில் வைத்து, கரி இஸ்திரியைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அதுக்கு பதிலா நான் போலாம்னுதானே போனேன்."

"நீ போயி இன்னா பண்ணுவே? ஒருநாள் போவே, ஏதனா ஒண்ணு ஆவும், அதுக்குக் கெட்ட பேரு வரும். தலையத் தொவட்டு மொதல்ல. ரெண்டு பேருமா நனைஞ்சு வந்து நின்னா நான் யாரைப் பார்க்குறது?"

அவளும் கெட்டவள் இல்லை. பன்னிரண்டு வருஷமாக நூறு நாள் வேலையில் வெயிலில் மண் வெட்டின கை. வீட்டில் ஒன்று உருப்பட்டு வேலைக்குப் போகிறது, அதற்குச் சளி பிடித்துவிடக்கூடாது என்று அவள் நினைத்தாள்.

தை மாதத்தில் கம்பெனி கொடுத்த பொங்கல் பரிசுப் பாத்திரத்தில் தணிகைவேல் என்று பேர் வெட்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஊரில் பேர் இடம் மாற ஆரம்பித்தது. முதலில் அதைத் தணிகைவேலு பயோடேட்டா என்றார்கள். நீளமாக இருக்கிறது என்று தணிகைவேலு என்றார்கள். டீக்கடையில், "இன்னா தணிகைவேலு, இன்னிக்கு ஓவர்டைமா?" என்று அதைக் கேட்டார்கள். அவனைக் கூப்பிட ஒரு பேர் வேண்டுமே, "தணிகைவேலு ஊட்டு ஆளு" என்றார்கள். கல்யாணத் தரகர் ஒருத்தர் வந்து, பையன் பர்மனென்ட், கெட்ட பழக்கம் இல்லை, செஸ் ஆடுவான் என்று தாளைக் காட்டி ஒரு வீட்டில் சம்மதமே வாங்கிவிட்டார். பெண் வீட்டார் பார்க்க வந்து, அவன் காபி தட்டு எடுத்து வந்து வைத்ததும், "போட்டோவுல இருக்கிற பையன் இவர்தானே?" என்று கேட்டார்கள். பச்சையம்மாள் தரகரைப் பார்த்தாள். தரகர், "சாயல் இருக்கும். ஒரே ஊடுதானே," என்றார். அந்தச் சம்பந்தம் கூடவில்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது உத்தியோகக்காரர்களுக்கு முதல் சொம்பு கொடுப்பது வழக்கம். தாளின் ஒரு மூலையைக் கூழில் தொட்டு எடுத்தார்கள். அவன் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தான்.

டீக்கடையில் ஒரு வாய்க்கொழுப்பு உண்டு, ரங்கபாஷ்யம் என்று பேர். அவன்தான் கேட்டான்.

"ஏண்டா, ஒரு காகிதம்தானே. கிழிச்சுப் போட்டுட்டுப் போயேன். எவன் கேக்கப்போறான்?"

"என் பேரு, எங்கப்பா பேரு, எல்லாம் அதுலதான் கீது. கிழிச்சா என்கிட்ட இன்னா இருக்கும்?" என்றான் தணிகைவேல்.

ரங்கபாஷ்யம் டீயைக் குடித்தான்.

கூழ் ஊற்றி ஒரு வாரத்தில் கம்பெனி கேட்டில் போர்டு வைத்தார்கள். கான்ட்ராக்ட் ஹெல்பர் தேவை. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வைத்துக் கட்டுகிற வேலை, படிப்பு வேண்டாம், வியாழக்கிழமை நேரில் வரவும், பயோடேட்டா அவசியம். போர்டில் வயதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்தான்.

"இன்னொண்ணு அடிக்கணும் பெரியப்பா."

ஃபைலைத் திறந்தேன். மேலே அவன் பேரே இருந்தது, அவன் அப்பா பேரே இருந்தது, மாற்ற ஒன்றுமில்லை. அச்சுக்குக் கொடுக்கப் போனேன். கையைப் பிடித்தான்.

"அது வேணாம். அது வேற ஆளு. வெள்ளையா ஒண்ணு எடு."

எடுத்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் பயோடேட்டாவுக்கென்று வெள்ளைப் பக்கம் எடுத்தது அன்றைக்குத்தான். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"சொல்லு."

"செஞ்சத மட்டும் சொல்லட்டுமா?"

"சொல்லித் தொலை."

சொன்னான். தமிழிலேயே அடித்தேன். பிளஸ் டூ, கணக்கில் தவறியது. அப்பாவை நாலு வருஷம் வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றது. ஊசி போட்ட கையை நாலு மணி நேரம் அசையாமல் பிடித்துக்கொள்ளத் தெரியும். பந்தியில் ஒரே ஜக்கில் நாற்பது இலைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றத் தெரியும். செருப்புக் கம்பெனி, ஏழு மாதம், பசை வேலை. பதினோரு மாதம் தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு ஸ்டாப்பில் நின்றது, ஒரு நாளும் தவறவில்லை. மொழி: தமிழ். வயது: 30. எட்டு வரி. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"பக்கம் ரொம்பல," என்றேன்.

"பரவால்ல."

அச்சடித்துக் கையில் கொடுத்தேன். ஒரு தடவை மெதுவாகப் படித்தான். பிறகு திரும்ப முதலிலிருந்து படித்தான். "நல்லாருக்குது பெரியப்பா. என்னை மாதிரியே கீது," என்றான். தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான். எதற்கு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும், நானும் பார்த்தேன். தாளின் ஒரு ஓரம் மெல்ல எழுந்தது. ஃபேனை நிறுத்தினேன். படுத்துவிட்டது.

வியாழக்கிழமை அவனை என் மொபெட்டில் கூட்டிக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று கேட்க வேண்டாம். கேட் பக்கத்தில் வேப்பமரம் ஒன்றை வெட்டாமல் விட்டிருந்தார்கள், அங்கே நின்றேன். எண்பது, தொண்ணூறு பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பங்குனியிலேயே தாளுக்குப் பிரமோஷன் ஆகி, ஆள் எடுக்கும் இடத்தில் போட்டிருந்தார்கள் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. வெளியே வந்தவன் ஒருத்தன், "உள்ள தணிகைவேல் சார்தான் பார்க்குறாரு. ரொம்ப கறார்," என்று மற்றவனிடம் சொல்லிக்கொண்டு போனான்.

தணிகைவேல் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். வந்தான். மரத்தடியில் குந்தினான். அவனே சொன்னான்.

"கண்ணாடி ரூமு. நாற்காலியில உட்கார்ந்திருந்துச்சு. பக்கத்துல ஒரு பொண்ணு, அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்குது. நான் நின்னேன். போட்டோ இருக்குதில்ல பெரியப்பா, மழையில ஊறுன பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்குது. மத்தபடி அப்படியே கீது. நான்தான் கொஞ்சம் நரைச்சுட்டேன்."

"அடையாளம் தெரிஞ்சுதா அதுக்கு?"

"தெரியாம இருக்குமா? தினம் ஏத்தி விடுறேன். ஆனா ஆபீஸுல எப்படிக் காட்டிக்கும்? என் தாளை ரொம்ப நேரம் பார்த்துச்சு. அந்தப் பொண்ணு, இவருக்கு வேற ஏதாவது தெரியுமான்னு சார் கேக்குறாரு, அப்படின்னா. இல்லன்னேன்."

தாளைக் காட்டினான். எட்டு வரியில் ஒரே ஓர் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. 30 என்ற எண்ணைச் சுற்றி. ஓரத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்தில், '29க்கு மேல் வேண்டாம்' என்று இருந்தது. அப்படி ஒரு சட்டம் போர்டில் இல்லையே என்று வாட்ச்மேனிடம் போய்க் கேட்டேன். "போர்டுல இல்ல பெரியவரே. தணிகைவேல் சார் வந்த பிறகு அவர் வச்ச சட்டம். அவர் வயசுக்கு மேல ஆள் எடுக்கறதில்ல," என்றார் அவர். கிளம்பலாம் என்று அவனைக் கூப்பிட்டேன்.

"இருங்க, வெளிய போற கையெழுத்து போடணும்," என்று வாட்ச்மேன் ரிஜிஸ்டரைத் தள்ளினார்.

பெரிய நோட்டு. காலையில் உள்ளே போகும்போது அவன் அவசரத்தில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. வந்தவர் பேர்: தணிகைவேல். யாரைப் பார்க்க: தணிகைவேல். காரணம்: வேலை. இப்போது நேரத்தைப் போட்டுக் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். வாட்ச்மேன் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சார் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாபா இது? உன் பேரை எழுதச் சொன்னா எங்க சார் பேரை எழுதியிருக்கே. கையெழுத்தும் அவர் போடற மாதிரியே போட்டிருக்கே?"

"என் கையெழுத்துதாங்க."

"அவரோட கையெழுத்தை நான் தினம் முப்பது தடவை பார்க்குறேன். சுழி வரைக்கும் அப்படியே இருக்கு. எங்க பார்த்துப் பழகினே? மேல தெரிஞ்சா போலீஸ் வரைக்கும் போகும். எனக்கும் வேலை போயிடும்."

"யோவ், அவன்தான்யா—" என்று நான் ஆரம்பித்தேன். தணிகைவேல் என் கையைத் தொட்டான். வேண்டாம் என்கிற மாதிரி.

"அடிச்சுட்டு வேற போடவா?" என்று வாட்ச்மேனைக் கேட்டான்.

"அடி. பேரையும் அடி. கையெழுத்து வேணாம், மறுபடியும் அப்படியேதான் வரும். ரேகை வை."

அவன் குனிந்து பேரை அடித்தான், கையெழுத்தை அடித்தான், இரண்டையும் ஸ்கேல் வைத்தது போல நேர்க்கோடாக அடித்தான். வாட்ச்மேன் இழுப்பறையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்து வைத்தார். இடது கைக் கட்டை விரலை மையில் புரட்டி, கட்டத்துக்கு வெளியே போகாமல் அழுத்தினான். நன்றாக விழுந்தது. துடைக்கத் துணி கேட்டான். இல்லை என்றார் வாட்ச்மேன். எட்டு வரித் தாள் கையில்தான் இருந்தது, அதில் துடைக்கவில்லை, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மொபெட்டில் ஏறினான். ஏரிக்கரைச் சாலை குண்டும் குழியும். வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவன், திரும்பும்போது பிடிக்கவில்லை. பிடிச்சுக்கடா, விழுந்து தொலைப்பே என்று கத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். இடது கையை வெளியே நீட்டி, கட்டை விரலைத் தனியே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உன்னுது வெள்ளைச் சட்டை பெரியப்பா," என்றான். "மை ஒட்டிக்கும்."